அமுக்காதே மாப்ள!

"டேய்... டேய்... அமுக்காதே!"

மாமா போட்ட சத்தத்தில் கையிலிருந்த காபி என் ஜாக்கெட்டிலேயே கொட்டிவிட்டது. நான் ஒண்ணும் பெரிய தப்பு பண்ணலைங்க. காரின் நடுவில் டி.வி. சைஸுக்கு இருக்கிற ஸ்கிரீனில் ஏதோ மெசேஜ் வந்தது. நார்வே பாஷை ஒரு எழுத்துகூட தெரியாது. ஆனா, மெசேஜ் வந்தா 'ஓகே' பட்டனை அமுக்கணும்கிறது நம்ம ஜெனரேஷனுக்குப் பிறவியிலேயே வந்த வியாதி ஆச்சே! விரல் பக்கத்துல போறதுக்குள்ள கத்திட்டார் மனுஷன்.

"என்ன மாமா, சாஃப்ட்வேர் அப்டேட்தானே?"

"அதான் மாப்ள பயமா இருக்கு. நாளைக்குக் காலைல மலை ஏறப்போறோம். இன்னிக்கு ராத்திரி இந்த விஷப்பரீட்சை தேவையா?"

இது நடந்தது ஓஸ்லோவில், ஒரு டிசம்பர் ராத்திரி. மதுரைப் பக்கத்துப் பையனுக்கு அங்கே என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பெரியம்மா போகணும். ஆனா தனியா ஃப்ளைட் ஏற பயம். செமஸ்டர் முடிஞ்சு வெட்டியா இருக்கிற ஜீவன் யாருன்னு குடும்பமே கூடி யோசிச்சதில், மூணாவது வருஷ ட்ரிபிள்-ஈ அடியேன் சிக்கினேன். மிளகாய்ப் பொடி, பத்திய மருந்து, நல்லெண்ணெய் டின், கூடவே நான். அந்த வரிசையில்தான் பெரியம்மாவோட லிஸ்ட்ல என் பேர் இருந்துச்சு!

நார்வேயில் கால் வெச்ச முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு விஷயம் புரிஞ்சுபோச்சு. சத்தமே இல்லை! ஏர்போர்ட் வாசலில் வரிசையா டாக்ஸி நிக்குது, ஒண்ணுலகூட இன்ஜின் உறுமல் கிடையாது. பனியில் டயர் நசுங்குற 'கறுக்... கறுக்...' மட்டும்தான். 2024-ல் இந்த நாட்டில் விற்ற புதுக் கார்கள் நூற்றில் 89 சுத்தமான மின்சாரக் கார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 'ஈஎல்', 'ஈகே', 'ஈவி'ன்னு ஆரம்பிச்சா பேட்டரி வண்டி. முதல் நாள் ஜன்னல்ல உட்கார்ந்து பெட்ரோல் கார் எண்ணலாம்னு பார்த்தேன். போரடிச்சுப்போச்சு, வரவே மாட்டேங்குது!

இதெல்லாம் ஒரே நாள்ல வந்துடலை. பின்னாடி ஒரு சூப்பர் கதை இருக்கு. 1989-ல், 'ஆ-ஹா'ங்கிற உலகப் புகழ் பாப் குழுவைச் சேர்ந்த ரெண்டு பேரும், 'பெல்லோனா' சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹௌகேவும் சேர்ந்து, பேட்டரிக்கு மாத்தின ஒரு குட்டி ஃபியட் பாண்டாவை இறக்குமதி பண்ணிட்டு வந்தாங்க. ஊரெல்லாம் ஓட்டினாங்க. டோல்கேட்ல காசு மட்டும் கட்டலை. 'புகையே விடாத வண்டிக்கு எதுக்கு டோல்?'னு வாதம். அபராதம் மேல அபராதம் சேர்ந்து, கடைசில அரசாங்கம் வண்டியைப் பிடிச்சுட்டுப் போயிடுச்சு. ஆனா நாடு முழுக்கப் பேச்சாயிடுச்சு. 1997-ல் மின்சார வண்டிகளுக்கு டோல் கிடையாதுன்னு ஆச்சு. 2001-ல் வாட் வரியும் போச்சு. அந்தச் சலுகைகள் பிறகு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சது தனிக் கதை. நம்மூர்ல டோல்கேட்ல தகராறு பண்ணினா சட்டமா மாறுது?

கார்டெர்முன் ஏர்போர்ட்டிலிருந்து ஓஸ்லோவுக்குள் போக சுமார் 50 கிலோமீட்டர். மாமாவுக்கு அன்னிக்கு ஆபீஸ். தெரிஞ்ச டாக்ஸிக்கார அண்ணன் ஒருத்தரை அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நார்வேயில் தமிழ்க் குரல் கேட்டா முக்கால்வாசி ஈழத்துக் குரலாத்தான் இருக்கும். எண்பதுகளில் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஓஸ்லோ பக்கம் இறங்கி வந்த குடும்பங்கள் ஏகப்பட்டது.

"அம்மா முன்னுக்கு இருக்கட்டும் தம்பி, ஹீற்றர் நல்லா வரும்" என்று பெரியம்மாவை உட்காரவைத்தார். "இவரு ரேடியோல பேசுற மாதிரியே பேசுறாருடா" என்று பெரியம்மா என் காதைக் கடித்தார்.

அண்ணன் செம ஜாலி டைப். ஆனா, "கரண்ட் வண்டி லாபமாண்ணா?" என்று நான் கேட்டதும் முகம் கொஞ்சம் மாறிவிட்டது.

"லாபம்தான் தம்பி. இப்ப ஓஸ்லோவில டாக்ஸி எல்லாம் புகை இல்லாமல்தான் ஓடவேணும் எண்டு சட்டமும் வந்திட்டுது. ஆனா, முந்தி வச்சிருந்த காரில ஒரு சம்பவம். இரவு நித்திரைக்குப் போக முதல் அப்டேட் கேட்டது. சரியெண்டு அமத்திப்போட்டுப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பார்த்தா, நூறு வீதம் சார்ஜ் எண்டுதான் காட்டுது. ஆனா ஓடக்கூடிய தூரம் நாற்பத்தஞ்சு கிலோமீற்றர் குறைவு."

"ஒரே ராத்திரியிலா?"

"ஒரே இரவில! எனக்கு ஒரு ஏயர்போட் ஓட்டம் போச்சுது. ஒவ்வொரு நாளும் ஒரு ஓட்டம். கம்பனியிட்ட கேட்டன். பற்றரிக்கு வயசு போட்டுதாம். இரவு பத்து மணிக்கு இளமையா இருந்தது, விடிய ஆறு மணிக்கு வயசு போட்டுதோ எண்டு கேட்டன். சிரிச்சவை."

"எந்தக் கம்பெனிண்ணா?"

"அதை விடுங்கோ. சர்வீசுக்குத் திருப்பி அங்கதானே போகவேணும்!"

இந்தக் கதைதான் மாமாவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, என் காபியைக் கொட்டவைத்தது.

*

பெர்கனில் மாமாவுக்கு ஆபீஸ் வேலை. "வர்றியா மாப்ள, ரோடு ட்ரிப்?" என்று கேட்டார். ஓஸ்லோவிலிருந்து ஹர்டாங்கர் மலைமேடு வழியாகப் போனால் 460 கிலோமீட்டருக்கு மேலே. குழந்தை அழுகையிலிருந்து தப்பிக்க நான் ஆப்பிரிக்காவுக்குக்கூட வரத் தயார். பெரியம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தார். மைனஸ் டிகிரியிலும் கெடாதாம்! ஃப்ரிட்ஜுக்குள்ளேயே டிராவல் பண்றோம், எப்படிக் கெடும்?

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அங்கே டிசம்பரில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் வரும், மூணேகாலுக்கெல்லாம் கடையைச் சாத்திட்டுப் போயிடும். ஸ்கிரீனில் 100 சதவீதம். தூரம்: 330 கி.மீ. அப்டேட் மெசேஜ் மறுபடியும் எட்டிப் பார்த்தது. 'அப்புறம்' என்கிற பட்டனை மாமா பாம்பைத் தொடுற மாதிரி தொட்டார்.

ஹோனெஃபோஸ் தாண்டினதும் ஏரி, காடு, திரும்பவும் ஏரி. அப்புறம் ஹாலிங்டால் பள்ளத்தாக்கு. ஃப்ளோ என்கிற ஊரில் கரடிப் பூங்கா போர்டு. அடுத்து நெஸ்பீயென். இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. நார்வேயிலேயே அதிகபட்ச வெயில் பதிவான இடம். 1970 ஜூனில் 35.6 டிகிரி! நான் சிரிச்ச சிரிப்பில் மாமா பிரேக் போட்டுட்டார். மதுரையில அது மார்கழி முடிஞ்ச ரெண்டாவது மாசத்து வெயில் பாஸ். ஆனா நாங்க கடந்து போனப்ப வெளியே மைனஸ் 11. எனக்குச் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு.

ஏன்னா, ஸ்கிரீனில் தூரம் கரைஞ்சுக்கிட்டே இருந்தது. 120 கிலோமீட்டர் ஓடினப்பவே 42 சதவீதம் காலி ஆகியிருந்தது. குளிரில் லித்தியம் அயன் பேட்டரிக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் சோம்பேறியாயிடும். அயனிகள் நகர மாட்டேன்னு அடம்பிடிக்கும். உள் மின்தடை ஏறும். போதாக்குறைக்கு நமக்கு ஹீட்டர், பேட்டரிக்கு ஒரு ஹீட்டர். நார்வே ஆட்டோமொபைல் சங்கம் 2020-ல் 20 மின்சாரக் கார்களை ஒரே நாளில், ஒரே குளிரில் ஓட்டிப் பார்த்தப்ப, சராசரியா சுமார் 20 சதவீத தூரம் குறைஞ்சது. இது இயற்கை. யார் மேலயும் கோபப்பட முடியாது. எல்லாரும் இதுக்குக் கணக்குப் போட்டுத்தான் கிளம்புறாங்க.

சிக்கலே, இந்தக் கணக்கோட முதல் நம்பரை நமக்குத் தெரியாம இன்னொருத்தர் மாத்தினா என்ன ஆகும்ங்கிறதுதான்.

கோல் என்கிற ஊரில் சார்ஜ் போட நிறுத்தினோம். எங்களுக்கு முன்னாடி நாலு கார் நின்னுச்சு. புளியோதரையைப் பிரிச்சோம். பக்கத்துக் கார்க்காரர் மூக்கை உறிஞ்சி ஒரு மாதிரி பார்த்தார். அந்த நேரத்தில்தான் மாமா கிட்ட, நான் ராத்திரி முழுக்கத் தூங்காம படிச்ச கதையைச் சொன்னேன். டாக்ஸி அண்ணனோட கார் எதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா உலகம் முழுக்கப் பேசப்பட்ட, கோர்ட் வரைக்கும் போன ஒரு கேஸ் இருக்கு. அது இந்த ஊருக்கும் வந்த கேஸ்.

டெஸ்லா 'மாடல் எஸ்'. 2013 செப்டம்பரில் நார்வேயில் அதிகம் விற்ற கார் அதுதான். மின்சாரக் கார்களில் இல்லை, மொத்தக் கார்களிலேயே! அதோட '85' மாடல் பேட்டரிக்குள்ள நம்ம பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெருசா 7,104 குட்டி செல்கள். 74 செல் பக்கவாட்டில், அப்படி 96 வரிசை தொடரா. ஒரு செல்லை 4.2 வோல்ட் வரைக்கும் நிரப்பலாம். அப்போ மொத்தம் சுமார் 403 வோல்ட். (மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்த ட்ரிபிள்-ஈ மக்களுக்கு ஒரு சல்யூட்!)

2019 ஏப்ரலில் ஷாங்காயில், பார்க்கிங்கில் சும்மா நின்ன ஒரு மாடல் எஸ் தீப்பிடிச்சது. அந்த வீடியோ உலகத்தையே சுத்துச்சு. மே மாசம் ஹாங்காங்கில் இன்னொண்ணு. உடனே டெஸ்லா, மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பினது. 'முன்னெச்சரிக்கையா சார்ஜிங், வெப்பக் கட்டுப்பாட்டு செட்டிங்குகளை மாத்துறோம், பேட்டரி நீடிச்சு உழைக்கும்'ங்கிறது அவங்க விளக்கம். பழைய கார் வெச்சிருந்த சிலர் மறுநாள் காலையில பார்த்தா, ஃபுல் சார்ஜில் தூரம் குறைஞ்சிருக்கு. சார்ஜ் ஏறுற வேகமும் குறைஞ்சிருக்குன்னு புகார்.

எப்படின்னு கேக்கறீங்களா? ஹாஸ்டல் மொட்டை மாடி தண்ணி டேங்கை நினைச்சுக்கோங்க. உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணி மேலே வந்ததும் அது குழாயை அடைச்சிடும். ஒருநாள் ராத்திரி வார்டன் ஏறி, அந்த மிதவையை ஒரு அடி கீழே இறக்கிக் கட்டிடுறார். டேங்க் அதே டேங்க். 'ஃபுல்'லுன்னு காட்டுற விளக்கும் எரியும். ஆனா காலைல கடைசியா குளிக்கப் போறவனுக்கு சோப்பு நுரையோட தண்ணி நின்னுடும். பேட்டரியில் அந்த மிதவைதான் 4.2 வோல்ட் வரம்பு. அதை 4.1-க்கு இறக்கினாலே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போயிடும். அதே சமயம் செல்லுக்கு அழுத்தம் குறையும், ஆயுசு கூடும். ரெண்டுமே உண்மை. அதான் இந்தக் கேஸில் யாரையும் முழு வில்லன்னு சொல்ல முடியாத அவஸ்தை.

2019 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு உரிமையாளர் கேஸ் போட்டார். அது 1,743 கார்களுக்கான கூட்டு வழக்காகி, 2021 ஜூலையில் 15 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. ஆளுக்கு 625 டாலர். அந்த ஆவணங்களில் உள்ள விவரம் சுவாரஸ்யம். மூணு மாசம் போல 10 சதவீதக் குறைப்பு, பிறகு ஏழு மாசம் 7 சதவீதம், 2020 மார்ச்சில் சரிபண்ற அப்டேட். 1,552 கார்களுக்குப் பழைய வோல்டேஜ் முழுசா திரும்பி வந்துடுச்சு. 57 கார்களுக்குப் பேட்டரியே மாத்தினாங்க.

நார்வேயில்? 2013 முதல் 2015 வரை தயாரான மாடல் எஸ் வெச்சிருந்த முப்பதுக்கும் மேற்பட்டவங்க சேர்ந்து சமரச மன்றத்துக்குப் போனாங்க. நம்மூர் லோக் அதாலத் மாதிரி அடிமட்ட அமைப்புதான், ஆனா தீர்ப்பும் சொல்லலாம். டெஸ்லா தரப்பில் பதிலே வரலை. 2021-ல் தீர்ப்பு: ஆளுக்கு 1,36,000 குரோனர் வரை கொடுக்கணும். அன்னைய மதிப்பில் சுமார் 16,000 டாலர், நம்ம காசுக்கு 11 லட்சத்துக்கு மேல! மேல்முறையீட்டுக்கு வழி உள்ள முதல்படித் தீர்ப்புதான் அது. இருந்தாலும், ஒரே மாதிரி புகாருக்கு அங்கே 625, இங்கே 16,000.

"எதுக்கு மாமா இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டேன்.

மாமா பதில் சொல்லலை. கண்ணாடிக்கு வெளியே மலையைக் காட்டினார். "மேல போனா தெரியும்."

*

எங்க முறை வந்து சார்ஜ் ஏறினப்ப நேரமாயிடுச்சு. 70 சதவீதத்திலேயே பிடுங்கிக்கிட்டுக் கிளம்பிட்டோம். காரணம், மேலே 'கான்வாய்'. குளிர்காலத்தில் மலைமேட்டில் காத்து அடிச்சா ரோடே தெரியாது. அப்போ கேட்டைப் போட்டுடுவாங்க. குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னாடி ஒரு பனித்தள்ளும் லாரி போகும், அதன் பின்னாடியே வால் பிடிச்ச மாதிரி எல்லாக் கார்களும் போகணும். விட்டா அடுத்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது.

யெய்லோ தாண்டும்போது 50 சதவீதம். அங்கே சார்ஜர் இருந்தது. 'போட்டுக்கலாம் மாமா'ன்னு சொன்னேன். மணியைப் பார்த்துட்டு வேண்டாம்னார். (இதை அக்கா படிப்பாங்க, தெரியும். ஸாரி மாமா!) ஹௌகஸ்டோல் கேட்டுக்கு வந்தப்ப 41. கேட் மூடியிருந்தது. சிவப்பு விளக்கு மின்னுது. வெளியே மைனஸ் 15. வானம் எது, தரை எது, ரோடு எதுன்னே தெரியாத வெள்ளை. டி.வி.யில் சேனல் வராதப்ப ஒரு புள்ளி புள்ளி வருமே, அது நம்மளைச் சுத்தி நாலு பக்கமும் வந்தா எப்படி இருக்கும்? அப்படி.

ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஹீட்டரை நிறுத்தினா கண்ணாடி உள்பக்கமே உறையுது. போட்டா பேட்டரி கரையுது. 40... 38... 36... மாமா ஹீட்டரைக் குறைச்சு, சீட் சூடு மட்டும் வெச்சார். என் சாக்ஸுக்குள்ள கட்டைவிரல் இருக்கான்னே சந்தேகம் வந்துடுச்சு. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருத்தர் ஒவ்வொரு காரா ஜன்னலைத் தட்டிக்கிட்டே வந்தார். மாமாகிட்ட நார்வேஜியனில் ஏதோ கேட்டார். மாமா "34" என்றார். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சு, தலையாட்டினார்.

"என்ன கேட்டாரு?"

"சார்ஜ் எவ்வளவுன்னு. குறைவா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. நடுவுல ஒரு வண்டி நின்னா, பின்னாடி இருக்கிற அத்தனை வண்டியும் நிக்கணும்ல."

எனக்கு அப்பதான் சில்லுனு ஆச்சு. குளிரால இல்லை. ஓஸ்லோவுக்குள்ள ஓடும்போது 45 கிலோமீட்டர்ங்கிறது ஒரு வசதி. அந்த அண்ணனுக்கு ஒரு நாள் சம்பளத்தில் ஒரு பங்கு. இந்த மேட்டுல? எங்க கார் அந்தக் குளிரில் ஓடின ஓட்டத்துக்கு 45 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட 16 சதவீதம். 34-ல 16 கழிச்சா 18. அந்த ஜாக்கெட்காரர் 18-க்குத் தலையாட்டியிருப்பாரா?

இன்னொரு சில்லும் இருந்தது. அதை மாமாகிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன். இந்த செமஸ்டர் எங்க மினி ப்ராஜெக்டே பேட்டரி மேனேஜ்மென்ட்தான். நாலு செல், ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு ரிலே. செல் வோல்டேஜ் 4.2 தொட்டா சார்ஜிங்கை நிறுத்துங்கிற வரியை டைப் பண்ணினது நான்தான். டெமோ அன்னிக்கு ஒரு செல் சூடாச்சு. பயந்துபோய் 4.2-ஐ அழிச்சுட்டு 4.1-னு போட்டேன். பத்து செகண்ட் வேலை. சூடு குறைஞ்சது, டெமோ ஓகே, மார்க்கும் வந்துச்சு. ரெக்கார்டு நோட்டில் மட்டும் பழைய கெப்பாசிட்டியையே எழுதினோம். 'யாருடா பார்க்கப்போறா'ன்னு டீமே சிரிச்சோம். எங்க சீனியர் ஒருத்தருக்கு மின்சார வண்டிக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. அவருக்கும் இதே வேலைதான். நாளைக்கு அந்த 4.2-ஐத் தொடப்போற விரல் நம்ம விரல்தான் மக்கா. அந்தப் பக்கம் யார் எந்த மலையில நிக்கிறாங்கன்னு நம்ம ஸ்கிரீன்ல தெரியாது.

நான் அன்னிக்கு 4.1 போட்டது தப்பில்லை. செல் வெடிச்சிருந்தா லேபே காலி. ஷாங்காய் வீடியோவைப் பார்த்த எந்த இன்ஜினீயரும் அதைத்தான் பண்ணியிருப்பான். ரெக்கார்டு நோட்டில் எழுதினதுதான் உறுத்துச்சு.

கேட் திறந்தது. லாரியின் மஞ்சள் விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியலை. முன்னாடி காரின் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கிட்டே மாமா ஓட்டினார். 30 கி.மீ. வேகம். எதிர்க்காத்து காரைத் தள்ளுது. நான் ஸ்கிரீனை மட்டும் பார்த்தேன். 30... 27... 23... மலையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 1,250 மீட்டர் போல. அங்கே 18. பேச்சே இல்லை. மாமா கையால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்துக்கிட்டே வந்தார், மாட்டைத் தடவுற மாதிரி.

அப்புறம்தான் அந்த அதிசயம். ரோடு கீழே இறங்க ஆரம்பிச்சது. சக்கரம் மோட்டாரைச் சுத்த, மோட்டார் டைனமோவாகி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்குது. 18... 18... 19! ரெண்டு பேரும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கத்தினோம். மோபோ பள்ளத்தாக்கில் மலைக்குள்ளேயே ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி இறங்குற சுரங்கம். 182 மீட்டர் உயரத்திலிருந்து விழுற வோரிங் அருவி பக்கத்துல இருக்குன்னு போர்டு சொல்லுச்சு. இருட்டிடுச்சு, ஒண்ணும் தெரியலை. அருவியாவது ஒண்ணாவது, எங்களுக்கு அந்த நம்பர்தான் காட்சி! ஐட்ஃபியோர்டில் கடல்மட்டத்துக்கு வந்தப்ப 21. சார்ஜரில் சொருகிட்டு, மிச்சப் புளியோதரையைச் சாப்பிட்டோம். உண்மையிலேயே கெடலைங்க.

அதுக்கப்புறம் ஜாலிப் பயணம். ஹர்டாங்கர் பாலம், ரெண்டு தூண்களுக்கு நடுவில் 1,310 மீட்டர், 2013-ல் திறந்தது. பாலம் முடிஞ்சதும் நேரா மலைக்குள்ள போறோம், உள்ளே நீல வெளிச்சத்தில் ஒரு ரவுண்டானா! சுரங்கத்துக்குள்ள ரவுண்டானா கட்டின மகராசன் யாரோ, அவனுக்கு ஒரு விசில். அந்த இடத்தில் மாமா ஒரு சுத்து எக்ஸ்ட்ரா சுத்தினார். பேட்டரி ஃபுல்லாயிருச்சுங்கிற தெம்பு.

வழியில் மாமாவுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். 2017 செப்டம்பர், அமெரிக்காவில் ஃபுளோரிடாவை 'இர்மா' புயல் தாக்க வருது. ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டு ஓடுறாங்க. அப்போ சில டெஸ்லா கார்களுக்கு மட்டும் திடீர்னு தூரம் கூடிடுச்சு. அந்தக் கார்களில் 75 கிலோவாட் மணி பேட்டரியைப் போட்டுட்டு, சாஃப்ட்வேரில் 60-னு பூட்டி, குறைஞ்ச விலைக்கு வித்திருந்தாங்க. புயலுக்காகத் தற்காலிகமா பூட்டைத் திறந்தாங்க, புயல் போனதும் திரும்ப மூடிட்டாங்க. நல்ல காரியம்தான். உயிர் தப்பிக்க உதவியிருக்கு.

மாமா ரொம்ப நேரம் யோசிச்சார். "அப்ப, வண்டி நம்ம வீட்டு வாசல்ல நிக்கும். சாவிக்கொத்துல ஒரு சாவி மட்டும் அவங்ககிட்ட இருக்கும். அப்படித்தானே?"

"அப்படித்தான் மாமா."

"அந்தச் சாவியால தொறந்தாலும் சொல்லிட்டுத் தொறக்கணும், மூடினாலும் சொல்லிட்டு மூடணும். என்ன மூடினோம், எவ்வளவு மூடினோம்னு ஒரு வரி எழுதிப் போட்டா போதாதா? நான் மலை ஏறுறப்ப அதுக்குத் தக்க சார்ஜ் போட்டுக்க மாட்டேனா?"

ரெக்கார்டு நோட்டு மறுபடி ஞாபகம் வந்தது. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பெர்கன் போய்ச் சேர்ந்தப்ப ராத்திரி ஒன்பது. மழைக்குப் பேர்போன ஊர், சொல்லி வெச்ச மாதிரி கொட்டிக்கிட்டிருந்தது. ஹோட்டல் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி சார்ஜர் சொருகினோம். அக்கா போன் பண்ணி, "ரெண்டு பேரும் சாப்டீங்களா? சார்ஜ் எல்லாம் பிரச்னை இல்லையே?" என்றார். "சேச்சே, ஒரு பிரச்னையும் இல்ல" என்று நாங்க ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பின்னணியில் குழந்தை அழுதது.

போனை வைக்கவும் ஸ்கிரீன் வெளிச்சமாகவும் சரியாக இருந்தது. அதே மெசேஜ். இந்தத் தடவை மாமாவே மொழிபெயர்த்து வாசித்தார்: "பிழைத் திருத்தங்கள், பொதுவான மேம்பாடுகள்." அவ்வளவுதான் இருந்தது, ஒன்றரை வரி.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, நீதானே இதுக்குப் படிக்கிற. தீப்பிடிக்காம இருக்கறதுக்குத்தான் அனுப்புறாங்களோ, என்னவோ. ஏதோ ஒண்ணு சொல்லு. அமுக்கவா, வேண்டாமா?"

நானும் அந்த ஒன்றரை வரியையே பார்த்தேன். திரும்பிப் போகும்போது இன்னொரு தடவை அதே மலை இருக்கு.

"ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அமுக்கிக்கலாம் மாமா."

'அப்புறம்' பட்டனை இந்தத் தடவை நான்தான் அமுக்கினேன்.